ஆப் செய்வதற்கு முன்: உழவருக்குத் தகவல் சொல்ல எந்த வழி கட்டுப்படியாகும்?

உழவர் குழுவோ, உற்பத்தியாளர் நிறுவனமோ, தொண்டு அமைப்போ, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து "தொழில்நுட்பத்தை வைத்து ஏதாவது செய்வோம்" என்று கூடி உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் "நமக்கென்று ஒரு ஆப் போட்டுவிடலாம்" என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆப் என்றால் காட்டிக்கொள்ள முடிகிற பொருள். திறப்பு விழா வைக்கலாம், ஆண்டறிக்கையில் படம் போடலாம். பழைய செல்போன் ஒன்றை மேசைமேல் வைத்து, வருகிற அழைப்புக்குப் பதில் சொல்ல ஓர் ஆளைப் போட்டால் யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

அப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது மறுபடி கூப்பிட்டால் என்ன சொல்வேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வானொலி, குறுஞ்செய்தி, குரல் அழைப்பு, காணொளி, வாட்ஸ்அப், நோயறியும் செயலி எல்லாவற்றையும் பார்க்கப்போகிறோம், ஆனால் எல்லாவற்றுக்கும் சம இடம் கிடையாது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உழவர் திருப்பிக் கேள்வி கேட்க முடியாத வழி எதுவானாலும், அதில் பெரும்பணத்தைப் போட எனக்கு மனம் வராது.

கருவியை விட்டுவிட்டுக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். "நாளைக்கு மழை இருக்கா?" என்பது ஒரு ரகம். பதில் ஒரே வரி, ஊருக்கே பொது, ஆனால் ஒரு நாள் தாமதமானால் குப்பை. "விதைநேர்த்தி எப்படிச் செய்றது?" என்பது வேறு. இன்றைக்கே தெரிய வேண்டும் என்ற அவசரமில்லை. ஆனால் வாயால் சொன்னால் போதாது, கையால் செய்துகாட்ட வேண்டும். "இலையில இந்தப் புள்ளி என்ன?" என்பதற்கு ஊர்ப் பொதுப் பதில் கிடையாது, அந்த வயலுக்கு, அந்தச் செடிக்கு மட்டும்தான் பதில். "எங்க கொண்டுபோய்ப் போட்டா விலை கிடைக்கும்?" என்பது நான்காவது. தகவல் மட்டும் இருந்து பயனில்லாத கேள்வி அது. ஏன் என்று பின்னால் பார்ப்போம். இந்த நான்கையும் ஒரே கருவியில் அடைக்கப் பார்க்கும்போதுதான் பணம் போகும் இடம் தெரியாமல் போகிறது.

இன்னொன்று. உழவர் இப்போது யாரிடம் கேட்கிறார்? 1970களில் டேனியல் பெனோர் வகுத்த 'பயிற்சியும் பார்வையிடலும்' என்ற முறையை உலக வங்கி பல நாடுகளில் பரப்பியது. விரிவாக்கப் பணியாளர், அதாவது உழவருக்கு யோசனை சொல்ல நியமிக்கப்பட்டவர், குறித்த நாளில் வயலுக்கு வருவார், சொல்லிக்கொடுப்பார் என்பது ஏற்பாடு. சம்பளமும் பயணப்படியும் தாங்காமல் 1990களில் அது ஓய்ந்தது. இந்தியாவில் 2003இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வில், விரிவாக்கப் பணியாளரிடமிருந்து நவீன முறைகளைப் பற்றித் தகவல் பெற்ற உழவர் குடும்பங்கள் 5.7 சதவீதம்தான். உரம், பூச்சிமருந்து போன்ற இடுபொருள் விற்கும் கடைக்காரரிடமிருந்து பெற்றவை 13.1 சதவீதம், முன்னோடி உழவர்களிடமிருந்து 16.7 சதவீதம். ஆக, நாம் கொண்டுவரப்போகும் எந்தச் சேவைக்கும் நேர்ப்போட்டி அந்தக் கடைக்காரர்தான். அவர் நேரம் தவறாமல் கடை திறக்கிறார், கிள்ளி எடுத்துவந்த இலையைப் புரட்டிப் பார்க்கிறார், உடனே பதில் சொல்கிறார், கடனும் தருகிறார். எந்தப் புட்டியை விற்றால் அவருக்கு லாபம் அதிகமோ அந்தப் புட்டி பதிலில் வந்து சேரும் என்பதைத் தவிர, விரிவாக்கத்துக்கு வேண்டிய குணம் எல்லாம் அவரிடம் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

வானொலி

பழசு என்று ஒதுக்குவது சுலபம். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் தஞ்சைப் பகுதியில் பரவியபோது, வானொலியில் கேட்டு விதைத்ததால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு ரகத்துக்கு ஊடகத்தின் பெயரே ஒட்டிக்கொண்டதைவிடப் பெரிய சான்றிதழ் என்ன வேண்டும்?

ஆனாலும் தனி வானொலிக்கும், கூடிக் கேட்கும் வானொலிக்கும் வித்தியாசம் உண்டு. கனடாவில் 1941இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றங்களின் முழக்கம் "படி, கேள், கலந்து பேசு, செயல்படு." அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்டு, பேசி, தங்கள் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். அதே மாதிரியை 1956இல் யுனெஸ்கோ உதவியோடு புனே வட்டாரத்தில் ஏறத்தாழ 150 கிராமங்களில் முயன்று பார்த்தார்கள். மன்றம் இருந்த ஊர்களில் மக்களுக்குச் செய்தி நன்றாகப் பதிந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் அந்த அளவு பதியவில்லை. அலைவரிசை இரண்டுக்கும் ஒன்றுதான். கேட்டவர்கள் பேசிக்கொள்ள இடம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு.

அதனால் உங்கள் பகுதியில் சமூக வானொலி இயங்கினால், அதில் நேரம் கேளுங்கள். ஆயிரம் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றே. புதிதாக நிலையம் அமைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது தனித்தொழில்.

குறுஞ்செய்தி

மலிவு என்ற பெயர் இதற்கு. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்து போகும். தமிழ் போன்ற எழுத்துமுறையில் ஒருங்குறியில் (யூனிகோடில்) அனுப்ப வேண்டும். அப்போது 70 இடம்தான். அதிலும் 'நாளை' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு: ந, அதன் கால், ள, அதன் ஐகாரக் குறி. புள்ளிக்கும் ஓர் இடம் போகும்.

ஒரு செய்தியை எண்ணிப் பார்ப்போம். "நாளை மழை வரலாம். மருந்து தெளிக்க வேண்டாம்." இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 42 இடம். நல்லது, மிச்சம் இருக்கிறதே என்று "யூரியா போடுவதை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்" என்று சேர்த்தால் மொத்தம் 87. எழுபதைத் தாண்டிவிட்டது, இரண்டு செய்திக்கான கட்டணம். யூரியா வாக்கியத்தை வெட்டினால் செலவு பாதி, பயனும் பாதி. விரிவாக்கச் செய்திகளில் தந்தி நடை எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். படித்தவருக்கே முகத்தைச் சுளிக்கவைக்கும் அந்தச் சுருக்கம், எழுத்துக்கூட்டிப் படிப்பவரை என்ன செய்யும்?

பயன் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் நிலையாக இல்லை. கென்யாவில் கரும்பு உழவர்களுக்கு ஓர் ஆலையோடு சேர்ந்து குறுஞ்செய்தியில் யோசனை அனுப்பிப் பார்த்தார்கள். முதல் சோதனையில் விளைச்சல் 11.5 சதவீதம் கூடியது. மறுபடி செய்தபோது பலன் தென்படவில்லை. அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு பகுதி. உரம் வந்து சேராவிட்டால் ஆலைக்குச் சொல்ல உழவர்களுக்கு ஒரு தொலைபேசி வழி திறந்துவிட்டார்கள். உரம் தாமதமாவது 21.6 சதவீதம் குறைந்தது. அந்த வழியில் யாரும் உழவருக்கு வேளாண்மை கற்பிக்கவில்லை, அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிப் பல நாடுகளில் செய்த சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு, செல்போன்வழி யோசனையால் விளைச்சல் சராசரியாக 4 சதவீதம் உயர்ந்ததாகச் சொல்கிறது. நான்கு சதவீதம் என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஓர் ஆளை வயலுக்கு அனுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது சில்லறை. வானிலை எச்சரிக்கை, தடுப்பூசி முகாம் தேதி, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் போன்ற ஒற்றை வரிச் சங்கதிக்குக் குறுஞ்செய்தி போதும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

குரல்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

குரல் சேவையில் மூன்று வடிவம் உண்டு. பதிவுசெய்த செய்தியை எல்லோருக்கும் அழைப்பாக அனுப்புவது முதலாவது. உழவரே அழைத்து, எண்ணை அழுத்தித் தலைப்பைத் தேர்ந்து கேட்பது இரண்டாவது. எடுத்தவுடன் ஆள் பேசுவது மூன்றாவது. எத்தியோப்பியாவில் 8028 என்ற எண்ணில் 2014 முதல் இரண்டாவது வடிவம் நாடளவில் நடக்கிறது. இந்தியாவில் 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டர் மூன்றாவது வகை. 22 மொழிகளில் பதில் சொல்கிறார்கள். இருக்கிற எண்ணை முதலில் உங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது செலவே இல்லாத வேலை, ஆனாலும் பலர் செய்வதில்லை. அழைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கேள்விக்குப் பதில் நிறைவாக வரவில்லையோ அதற்கு மட்டும் நீங்கள் தனியாக ஏற்பாடு செய்தால் போதும்.

ஒரு குரல் சேவைக்குச் செய்தி எழுதிக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. முதலில் எழுதியது மூன்று நிமிடம் ஓடியது: வணக்கம், அமைப்பின் பெயர், பருவத்தின் சிறப்பு, அப்புறம்தான் விஷயம். கேட்டவர்களில் பாதிக்கு மேல் விஷயம் வருவதற்குள் வைத்துவிட்டார்கள். உழவர் எங்கிருந்து கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. ஒரு கையில் மண்வெட்டி, பக்கத்தில் மோட்டார் சத்தம், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறார். முதல் சொல்லே பயிரின் பெயராக இருந்தால்தான் "நமக்கா, இல்லையா" என்று அவருக்குத் தெரியும். அளவை இரண்டு முறை சொல்ல வேண்டும். "ஒரு லிட்டருக்கு இரண்டு மில்லி" என்று சொல்லி நிறுத்தினால் அவர் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். "பத்து லிட்டர் டேங்குக்கு இருபது மில்லி" என்றால் அப்படியே கையாளலாம். கடைசியில் நாற்பது வினாடியில் முடித்தோம். அந்த நாற்பது வினாடியை எழுதத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

திருப்பிப் பேசும் வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு குஜராத்தில் நடந்த 'அவாஜ் ஓட்டலோ.' பெயரைத் தமிழில் சொன்னால் 'குரல் திண்ணை.' உழவர் அழைத்துத் தன் கேள்வியைப் பதிவுசெய்யலாம், மற்றவர்கள் கேட்டதையும் அதற்கு வந்த பதிலையும் கேட்கலாம், தெரிந்தால் தானும் பதில் சொல்லலாம். ஏழு மாத முன்னோட்டத்தில் 51 உழவர்கள் பயன்படுத்தினார்கள். நிபுணர்களின் தயார்செய்த நிகழ்ச்சிகள் அதில் இருந்தும், மிகுதியாகக் கேட்கப்பட்டது இந்தக் கேள்வி-பதில் திண்ணைதான். பக்கத்து ஊர்க்காரர் தன் பருத்திக்கு என்ன கேட்டார் என்பதில் இருக்கும் ஆர்வம், நிபுணர் உரையில் இல்லை. திண்ணை என்று பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே, அந்தச் சேவையை உருவாக்கிய ஆய்வுக் குழு செய்த இன்னோர் ஒப்பீட்டில், வாயால் சொல்லித் தேர்ந்தெடுப்பதைவிட எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுப்பதை உழவர்கள் நன்றாகச் செய்து முடித்தார்கள். இதைக் கேட்டால் குரலறி மென்பொருள் விற்க வருபவர் சங்கடப்படுவார், பரவாயில்லை.

மறைக்காமல் இதையும் சொல்ல வேண்டும். அதே சேவையைப் பருத்தி உழவர்களிடம் இரண்டாண்டு அளந்து பார்த்த ஆய்வில், உழவர்கள் அதை நம்பினார்கள், யோசனை கேட்கும் இடத்தையே மாற்றிக்கொண்டார்கள், பரிந்துரைத்த இடுபொருளை வாங்கினார்கள். ஆனால் விளைச்சலோ லாபமோ தொடர்ந்து கூடியது என்று காட்ட முடியவில்லை. சேவைக்கு அவர்கள் தரத் தயாராக இருந்த தொகையும், அந்த ஆய்வு அளவில் ஆன செலவைவிடக் குறைவு. எனவே "சந்தா வசூலித்து நடத்திக்கொள்ளலாம்" என்று திட்டத்தில் எழுதாதீர்கள். யாரோ ஒருவர் தொடர்ந்து பணம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

செலவைக் குறைக்க மிஸ்டு கால் ஏற்பாடு உண்டு: உழவர் மணியடித்து வைத்துவிடுவார், சேவை திருப்பி அழைக்கும். சாதாரண பட்டன் போனில் நடக்கும், இணையம் வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். குறை ஒன்றுதான்: படம் காட்ட முடியாது. "இலை ஓரமா காயுதுண்ணே" என்று ஒருவர் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் "பழைய இலையா, குருத்து இலையா? வயல் முழுக்கவா, திட்டுத்திட்டாவா?" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடியிலை காய்ந்தால் ஒரு பக்கம் யோசனை போகும், குருத்து காய்ந்தால் வேறு பக்கம். மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியை இந்த ஆளுக்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

காணொளி

செய்முறை சார்ந்த கேள்விகளில் காணொளியை மிஞ்ச ஒன்றுமில்லை. இங்கே நான் சொல்வது யூடியூப் சங்கதியை அல்ல. ஊரில் பத்திருபது பேரை உட்கார வைத்து, பேட்டரியில் ஓடும் சிறிய புரொஜெக்டரில் போட்டுக்காட்டி, நடுநடுவே நிறுத்திப் பேசும் முறை.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிகின் காந்தி முதலானோர் செய்த சோதனைதான் 2008இல் டிஜிட்டல் கிரீன் என்ற தனி அமைப்பாகப் பிரிந்தது. 16 கிராமங்களில் 13 மாதம் நடத்திப் பார்த்ததில், வழக்கமான பார்வையிடல் முறையைவிட ஏழு மடங்கு மிகுதியாகச் சில நடைமுறைகளை உழவர்கள் கைக்கொண்டார்கள். செலவோடு சேர்த்துக் கணக்கிட்டால் பத்து மடங்கு திறன் என்றார்கள். உள்ளூர் உழவரே நடிக்கிறார், பக்கத்திலிருந்து ஒருவர் படத்தை நிறுத்தி விளக்குகிறார் என்ற இரண்டும்தான் அதன் உயிர். திரையில் வருபவரைப் பார்த்ததும் "இது யாரு, எந்த ஊரு?" என்பதுதான் முதல் கேள்வி. நம்மைப் போல ஒருவர் செய்கிறார் என்று தெரிந்தால்தான் அடுத்த காட்சி மனத்தில் ஏறும்.

உகாண்டாவில் மக்காச்சோள உழவர்களிடம் செய்த ஆய்வு ஒப்பீட்டுக்கு இன்னும் தோதானது, ஏனென்றால் வழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார்கள். கைக்கணினியில் குறும்படம் காட்டியதில் அறிவும் நடைமுறையும் விளைச்சலும் முன்னேறின. அதற்குமேல் குரல் சேவையும் நினைவூட்டும் குறுஞ்செய்தியும் சேர்த்ததில் பெரிதாக எதுவும் கூடவில்லை. குரலுக்கு வாக்களித்த எனக்கு இது உவப்பான முடிவு இல்லைதான். ஆனால் அங்கே படம் காட்டியது பயிர் வளர்க்கும் செய்முறையை. செய்முறைக்குக் கண், அவசரத்துக்குக் காது என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

படம் எடுப்பதில் வழுக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் எடுத்த விதைநேர்த்திப் படத்தில் "ஒரு வாளித் தண்ணீரில்" என்று உழவர் இயல்பாகச் சொல்லிவிட்டார், நாங்களும் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். காட்டியபோது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "எந்த வாளி தம்பி? எங்க வீட்ல மூணு சைஸ் இருக்கு." படம் காட்டியவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் போய் வாளியை அளந்து, அந்த வரியை மட்டும் மீண்டும் பதிவுசெய்தோம். இதையே இணையத்தில் ஏற்றிவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி எங்களை வந்தடைந்திருக்காது.

செலவு முன்கூட்டியே ஆகும்: படம்பிடிப்பு, கருவி, பயிற்சி. ஒருமுறை எடுத்தால் பல பருவம் ஓடும். அதற்குப் பிறகு ஆகும் செலவு, மாலையில் போய்க் காட்டிப் பேசும் அந்த ஒருவரின் கூலி. அதை மிச்சம்பிடிக்கப் பார்த்து எல்லோருக்கும் இணைப்பை அனுப்பினால் மேலே சொன்ன ஏழு மடங்கையும் பத்து மடங்கையும் மறந்துவிட வேண்டியதுதான். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் ஆண் கையில் இருக்கும்போது, கூட்டத்தில் காட்டும் படம்தான் பெண்ணையும் எட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்

யாரும் முடிவெடுக்காமலே தொடங்கிவிட்ட வழி இது. படம் அனுப்பலாம், குரல் அனுப்பலாம், உழவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். கெடுப்பது இரைச்சல். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கும் எங்கிருந்தோ வந்த 'அதிசய உரம்' பகிர்வுக்கும் நடுவில், தண்டுத் துளைப்பான் எச்சரிக்கை மேலே ஏறிப் போய்விடும். ஐந்நூறு பேர் குழுவில் யாரும் தன் வயலின் நோயைக் கூச்சமில்லாமல் கேட்பதில்லை. ஒரு பயிருக்கு ஒரு சிறு குழு, அதற்கு ஒரு கண்டிப்பான மேற்பார்வையாளர் என்றால் நடக்கும். எல்லாரும் எழுதலாம் என்று திறந்துவிட்டால் இரண்டு மாதத்தில் உழவர்கள் சத்தத்தை அணைத்துவிடுவார்கள்.

நோயறியும் செயலி

இலையைப் படம்பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிதான் கூட்டங்களில் கண்ணைப் பறிப்பது. இதில் நம்பிக்கை, எச்சரிக்கை இரண்டுக்கும் உறுதியான எண்கள் கிடைக்கின்றன.

நோயறியக் கணினியைப் பழக்கப் பயன்படும் பிளாண்ட்விலேஜ் என்ற படத் தொகுப்பில் 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். 2016இல் அதை வைத்துப் பழக்கிய கணினி மாதிரி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த எண்தான் விளம்பரங்களில் சுற்றியது. அதே கட்டுரையிலேயே, வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சரியானவை 31 சதவீதம் அளவுக்கு விழுந்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். தொகுப்பில் இருந்தவை பறித்து, தனியே வைத்து, ஒரே மாதிரிப் பின்னணியில் எடுத்த இலைகள். 2022இல் ஒருவர் குறும்பாக ஒரு சோதனை செய்தார்: இலையையே விட்டுவிட்டு, பின்னணியிலிருந்து எட்டே எட்டுப் புள்ளிகளின் நிறத்தை மட்டும் கொடுத்தார். பயிரும் நோயும் சேர்ந்த 38 வகைகளில் எது என்பதைக் கணினி மாதிரி 49 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டது. அதாவது மாதிரி நோயைப் படித்ததா, மேசை விரிப்பைப் படித்ததா என்பதே சந்தேகம்.

இதற்கு மறுபக்கம், மரவள்ளிக்கு ஆப்பிரிக்காவில் பயன்படும் நுரு என்ற செயலி. வயல் படங்களில் பழக்கியது, இணையம் இல்லாமல் போனிலேயே இயங்கும். சோதித்தபோது நுரு 65 சதவீதம் சரி, விரிவாக்கப் பணியாளர்கள் 40 முதல் 58, உழவர்கள் 18 முதல் 31. ஒரு செடிக்கு ஆறு இலைகளைக் காட்டினால் 74 முதல் 88 வரை ஏறியது. ஆறு இலை என்ற அந்தச் சின்ன விதியை எந்த உழவர் தானாகப் பின்பற்றுவார்? ஓர் இலையைக் காட்டுவார், வந்த பெயரைக் கடையில் சொல்வார். அதனால்தான் இந்தச் செயலி, போனில் பதில் சொல்பவர் கையிலோ விரிவாக்கப் பணியாளர் கையிலோ இருப்பது நல்லது என்பேன். அவருக்கு அது இரண்டாவது கண். உழவருக்கு அதுவே ஒரே கண்ணாக இருந்தால் ஆபத்து.

கேட்டதற்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளுக்கும் இதே யோசனைதான். பேச்சு நன்றாக இருக்கும். மில்லி கணக்கில் ஒரு புள்ளி தவறினால் பயிர் கருகும், அப்போது அதனிடம் போய் யார் சண்டை போடுவது? மண் ஈர உணர்கருவி, டிரோன் எல்லாம் சொட்டுநீர்த் தோட்டம் வைத்திருப்பவர் சொந்த முதலாக வாங்க வேண்டியவை. குழுப் பணத்தில் முதல் வரிசையில் வராது.

விலைத் தகவல் மட்டும் தனி

கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் வந்த கதை உலகப் புகழ்பெற்றது. ராபர்ட் ஜென்சனின் ஆய்வுப்படி, மீனவர்கள் கடலிலிருந்தே எந்தக் கரையில் விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் கொட்டிய மீன் இல்லாமலே போனது, மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்தது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. இதைப் படித்த கையோடு எத்தனையோ விலைச் சேவைகள் தொடங்கின. மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் அப்படி ஒரு குறுஞ்செய்திச் சேவையை அளந்தபோது, உழவர்கள் பெற்ற விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

படகைத் திருப்பலாம், மூட்டை ஏற்றிய வண்டியை அப்படித் திருப்ப முடியாது. வாடகை, சுமைக்கூலி, எல்லாவற்றுக்கும் மேலாக முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே போட வேண்டிய கட்டாயம். மத்தியப் பிரதேசத்தில் ஐ.டி.சி. நிறுவனம் 2000இல் தொடங்கிய இ-சௌபால் என்ற கிராம இணைய மையங்கள் விலை காட்டியதோடு, அந்த விலைக்குச் சோயாவை வாங்கவும் செய்தன. அங்கே மண்டி விலையே 1 முதல் 3 சதவீதம் ஏறியது. விற்க இரண்டாவது இடம் உங்கள் உழவருக்கு இருந்தால் விலைத் தகவல் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணத்தை எடைத் தராசுக்கும் கிடங்குக்கும் போடுங்கள்.

எதை எடுப்பது

உறுப்பினர்கள் ஐந்நூறுக்குள், பயிர் ஒன்றிரண்டு, பணம் குறைவு என்றால்: ஒரு போன், பயிர் தெரிந்த ஓர் ஆள், பருவத் தொடக்கத்தில் மூன்று நான்கு காணொளிக் கூட்டம். போதும். அவர் பதில் சொல்லும் நேரத்தை இரவு ஏழு முதல் ஒன்பது வரை வைத்துப் பாருங்கள்; வயல் வேலை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரம்.

ஆயிரக்கணக்கில் போனால் ஒருவர் தாங்கமாட்டார். அப்போது குரல் பதிவுச் சேவை, கேள்வியைப் பதிந்துவிட்டால் மறுநாளைக்குள் பதில் என்ற உறுதி, பொதுவான கேள்விகளை எல்லோரும் கேட்கும்படி திண்ணை. வானிலைக்குக் குறுஞ்செய்தி. அருகில் சமூக வானொலி இருந்தால் வாரம் ஒருநாள் அந்தத் திண்ணைக் கேள்விகளையே ஒலிபரப்பலாம், புதிதாக நிகழ்ச்சி தயாரிக்க வேண்டாம். கையில் இருப்பது எளிய சாதனம்தான் என்று தயங்கவும் வேண்டாம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் அமைத்த கிராம அறிவு மையங்களில், வீராம்பட்டினம் மையம் அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தது. கடலுக்குப் போகிறவர் காதில் விழ அந்தக் கூம்புக்குழாய்தான் சரியான கருவி.

ஆப் எப்போது? பதில் சொல்பவரிடம் பழைய கேள்விகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, அவற்றைத் தேடி எடுப்பது சிரமமாகும்போது. அப்போதும் அது அவருக்கான ஆப்தான்.

அதுவரை ஒரு நோட்டு போதும். ஒரு பருவம் முழுக்க வரும் கேள்விகளை எழுதுங்கள்: தேதி, பயிர், அதன் வயது, உழவர் சொன்ன சொல்லிலேயே கேள்வி, நாம் சொன்ன பதில். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டு, பத்து நாள் கழித்து அவரையே அழைத்து "என்ன ஆச்சுங்க?" என்று கேட்டு நிரப்புங்கள். எங்கள் முதல் நோட்டில் அந்தக் கடைசிக் கட்டம் பாதிக்கு மேல் காலி. நிரம்பியவற்றில் பலவற்றில் இருந்தது ஒரே வரி: "நீங்க சொன்ன மருந்து கடையில இல்லைன்னுட்டாங்க."